சொந்தத் தொழில் யாருக்குச் சொந்தம்?

"வேலை இல்லையே என்று ஏங்காதீர்கள், வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யுங்கள், உங்களுக்கு நீங்களே முதலாளி!" - இந்த உபதேசம் இன்று நாலா பக்கமும் கேட்கிறது. மந்திரிகள் மேடையில் பேசுகிறார்கள். வங்கி அதிகாரிகள் கடன் மேளாவில் பேசுகிறார்கள். மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீசும் அதையே சொல்கிறது. செல்போனைத் திறந்தாலும் அதே பல்லவிதான்.

ஆலையில் ஆட்குறைப்பு வந்தால் இந்த உபதேசம். நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய், விவசாயத் தொழிலாளி வருஷத்தில் பாதி நாள் சும்மா இருக்க நேர்ந்தாலும் இதே உபதேசம். "வேலை கொடு" என்று கேட்பவனைப் பார்த்து, "வேலையை நீயே உண்டாக்கிக் கொள்" என்று சொல்லிவிட்டால் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்தது. முதலாளியின் பொறுப்பும் தீர்ந்தது!

வீட்டில் உட்கார்ந்து உழைத்துச் சம்பாதிப்பதை நாம் இழிவாகக் கருதவில்லை. உழைப்பு எங்கே நடந்தாலும் உழைப்புத்தான். ஆனால் வீட்டில் நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வேலை "சொந்தத் தொழில்" ஆகிவிடுமா? அந்த வேலையைச் செய்கிறவர் முதலாளி ஆகிவிடுவாரா? இதுதான் நம் கேள்வி. இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. இந்த ஒரு வார்த்தையில் பிராவிடண்டு பண்டு, பிரசவ உதவி, குறைந்தபட்சக் கூலி, வேலை போனால் நஷ்டஈடு ஆகிய எல்லாமே அடங்கிக் கிடக்கின்றன.

நாலு கேள்விகள்

யார் முதலாளி, யார் தொழிலாளி என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாலு கேள்விகள் போதும்.

சரக்கு யாருடையது? விலையை வைப்பது யார்? செய்து முடித்த பொருளை இஷ்டப்பட்ட வேறொருவருக்கு விற்க முடியுமா? "இது நல்லது, இது கெட்டது" என்று தள்ளும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்விகளைப் பீடித் தொழிலில் வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலி, தென்காசி ஜில்லாக்களில் முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், வடக்கே வேலூர், குடியாத்தம் வட்டாரத்திலும், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வருகிறது இலை. கம்பெனி அதை மூட்டையாக வாங்கி ஏஜெண்டின் பீடிக்கடைக்கு அனுப்புகிறது. அந்தப் பெண் கடைக்குப் போய் இலையையும் புகையிலைத் தூளையும் வாங்கி வருகிறாள். இலையை நனைத்துப் பதமாக்க வேண்டும். அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். எண்ணிக் கட்டு போட வேண்டும். மறுபடி கடைக்குச் சுமந்து போக வேண்டும். சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவே ஆயிரம் பீடி சுற்றுவதென்றால் விடிந்தது முதல் இரவு விளக்கு வரை ஆகிறது.

சரக்கு கம்பெனியுடையது. கூலியைப் பேசுவது கம்பெனி. சுற்றிய பீடியை அடுத்த தெருவில் ஒரு பெட்டிக்கடைக்கு அவள் விற்க முடியாது, லேபிள் கம்பெனியுடையது. "இது சரியில்லை" என்று பீடியைக் கழித்துப் போடுவதும் கம்பெனியின் ஆள்தான். நாலு கேள்விக்கும் ஒரே பதில்! அப்படியிருக்க, இவள் எந்தத் தொழிலுக்கு முதலாளி?

ஆலைத் தோழரே! உம்முடைய ஸ்பின்னிங் மிஷினை உம் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்து, "கரண்டுக்கு நீர் கட்டும், நூல் அறுந்தால் நஷ்டம் உம்முடையது, நூலை எனக்குத்தான் தர வேண்டும், விலையை நான்தான் வைப்பேன், இன்று முதல் நீரே முதலாளி" என்று ஆலை நிர்வாகம் சொன்னால் ஒப்புவீரா? விவசாயத் தோழரே! நிலம் மிராசுதாரருடையது, விதை மிராசுதாரருடையது, நெல் போகும் களம் மிராசுதாரருடையது, அளக்கும் மரக்காலும் மிராசுதாரருடையது. ஆனால் "நீ கூலியாள் அல்ல, எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று தேனொழுகச் சொல்லிக் கூலியில் கைவைத்த கதையை நீர் அறிவீர். அந்தப் பழைய தந்திரத்துக்குப் புதிய பெயர்தான் "சொந்தத் தொழில்".

கம்பெனிக்கு என்ன லாபம்?

முதலாளி ஏன் தொழிலை வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறான்? பெண்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்ற கருணையாலா? கணக்கைப் பார்ப்போம்.

கொட்டகை கட்ட வேண்டியதில்லை, வாடகை தொழிலாளியுடையது. விளக்குச் செலவு தொழிலாளியுடையது. கத்தரி, தட்டு தொழிலாளியுடையது. கக்கூஸ், குடிதண்ணீர், குழந்தைகள் காப்பகம் எதுவும் வேண்டாம். மேஸ்திரி வேண்டாம், துண்டுக்கூலியே மேஸ்திரி. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் உழைக்கிறவரே தம்மை விரட்டிக் கொள்வார் என்பதை மார்க்ஸ் 1867-ல் வெளிவந்த "மூலதனம்" முதல் பாகத்திலேயே விளக்கியிருக்கிறார். நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும் முதலாளிகள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிடுகிறோம்.

புகையிலைத் தூள் காற்றில் கலக்கிறது. அதை முதலாளி சுவாசிப்பதில்லை. தொட்டிலில் தூங்கும் குழந்தை சுவாசிக்கிறது. சரக்கு தேங்கினால் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை. "இன்று இலை வரவில்லை, நாலு நாள் கழித்து வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயிரம் குடும்பங்களுக்கு லே-ஆஃப்! ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.

இலையில் நடக்கும் மோசடியைத் தனியே சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஆயிரம் பீடிக்கு என்று எடை போட்டுக் கொடுத்த இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்து, தொள்ளாயிரத்துக்குத்தான் காண்கிறது என்று வைத்துக் கொள்வோம். குறைந்த நூற்றுக்கு அவள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி ஆயிரத்தை நிரப்ப வேண்டும். போய்க் கொடுத்தால் ஐம்பது பீடி கழிவு. கழித்ததற்குக் கூலி இல்லை. கழித்த பீடி திரும்பியும் வராவிட்டால் அவள் உழைப்பும் அவள் வாங்கிய இலையும் சேர்ந்தே போயின. ஏட்டில் இருப்பது ஆயிரத்துக்குக் கூலி. கைக்கு வருவதோ வேறு. கூலியைக் குறைக்காமலே குறைக்கும் வித்தை இது!

பாஸ் புத்தகத்திலும் ஒரு சூது உண்டு. ஒரு புத்தகத்தில் இரண்டு பேர், மூன்று பேர் சுற்றுவார்கள். பெயர் ஒருத்திக்கு, உழைப்பு மூவருக்கு. மற்ற இருவரும் கம்பெனியின் கணக்கில் பிறக்கவே இல்லை. நாளைக்கு அவர்களுக்குப் பென்ஷன் ஏது, பிரசவ உதவி ஏது?

கோர்ட்டு சொன்னது என்ன?

"இவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்ல" என்ற வாதம் நேற்று முளைத்ததல்ல. சேலத்துப் பீடி முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் இதைத்தான் சொன்னார்கள். "நாங்கள் ஏஜெண்டுக்கு இலையும் தூளும் விற்கிறோம், அவர் பீடி செய்து எங்களுக்கு விற்கிறார், சுற்றுகிறவர்கள் அவருடைய ஆட்கள்" என்று ஒப்பந்தப் பத்திரமே எழுதி வைத்திருந்தார்கள். 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. அந்த ஏஜெண்டுகள் பெயருக்குத்தான் சுதந்திரக் காண்ட்ராக்டர்கள். உண்மையில் கம்பெனியின் கைப்பிள்ளைகள். தொழிலாளிகள் கம்பெனியின் தொழிலாளிகளே என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்கை நடத்தியது சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம். சங்கம் இல்லாதிருந்தால் அந்தப் பத்திரம்தான் வேதமாக நின்றிருக்கும்.

அதன் பிறகு 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. முதலாளியிடமோ காண்ட்ராக்டரிடமோ சரக்கு வாங்கி வீட்டில் பீடி சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் எழுத்தில் வைத்தது. இலை கொடுப்பதிலும், பீடியைக் கழிப்பதிலும், கழித்ததற்குக் கூலி கொடுப்பதிலும் தகராறு வந்தால் தீர்க்க அதிகாரி உண்டு என்றது. பிரசவ உதவியும் லீவும் கொடுத்தது. முதலாளிகள் சும்மா இருந்தார்களா? மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. "பிராவிடண்டு பண்டு வீட்டில் சுற்றுகிறவர்களுக்குக் கிடையாது" என்று இன்னொரு வழக்கு. 1985-ல் அதிலும் தோற்றார்கள். பீடியைக் கழித்துத் தள்ளும் அதிகாரம் உன் கையில் இருக்கிறதே, அதுவே நீ முதலாளி என்பதற்கு அத்தாட்சி என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நாம் மேலே கேட்ட நாலாவது கேள்விக்கு இவ்வளவு பலம் இருக்கிறது!

ஆனால் அதே சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. எந்த முதலாளிக்கும் தொழிலாளியாக இல்லாமல், தம் வீட்டில் தம் குடும்பத்தாரோடு தாமே தொழில் செய்கிறவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது அந்தப் பிரிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் "சுயதொழில்" என்ற முத்திரையை ஒரு பெண்ணின் நெற்றியில் ஒட்டிவிட்டால், அந்த ஓட்டை வழியாக அவளை முழுவதுமாக வெளியே தள்ளிவிடலாம் அல்லவா?

1966-ம் வருஷத்துச் சட்டம் இன்று தனிச் சட்டமாக இல்லை. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கரைந்துவிட்டது. பீடிக்கென்று புதிய தொகுப்பில் ஒரு பகுதி இருக்கிறது. "சுயதொழில்" விலக்கும் அதில் பத்திரமாக இருக்கிறது! 1976-ல் ஏற்பட்ட பீடித் தொழிலாளர் நல நிதிக்குப் பணம் திரட்டிய தனி வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நின்றது. அந்த நிதியிலிருந்துதான் ஆஸ்பத்திரியும், பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும், வீடு கட்ட உதவியும் நடந்தன. வீட்டில் உழைப்பவர்களுக்காக 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஒரு உடன்படிக்கை செய்தது. இந்தியா இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். "உங்களுக்கு நீங்களே முதலாளி" என்ற பிரசாரம் இந்த நேரத்தில் இத்தனை சத்தமாகக் கேட்பது தற்செயலா?

பீடி மட்டும்தானா?

திருப்பூர்ப் பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலை வீட்டுக்கு வருகிறது. சிவகாசிப் பக்கம் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை வீட்டுக்கு வருகிறது. அங்கேயும் அந்த நாலு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் மாறாது.

இன்னொரு ரகம் உண்டு. "மெஷினை எங்களிடம் வாங்குங்கள்; மூலப்பொருளும் நாங்களே தருகிறோம்; செய்த பொருளை நாங்களே வாங்கிக் கொள்கிறோம்" என்பார்கள். ஊதுபத்தி, காகிதக் கப், எது வேண்டுமானாலும் ஆகட்டும். நகையை அடகு வைத்து மெஷின் வாங்குகிற வரைக்கும்தான் அந்த வாக்குறுதிக்கு ஆயுள். 2012-ல் கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்பில் நடந்தது என்ன? குஞ்சு கொடுப்போம், தீனி கொடுப்போம், மாதாமாதம் பணம் கொடுப்போம் என்று டிபாசிட் வாங்கினார்கள். கம்பெனிகள் கவிழ்ந்தபோது மக்களிடம் மிஞ்சியது தீனி கேட்கும் பறவைகள்தான். ஆகவே, பொருளை வாங்கிக் கொள்வதாகச் சொல்கிறவன் முதலில் உம்மிடமே பணம் கேட்டால், அவனுடைய வியாபாரச் சரக்கு ஊதுபத்தி அல்ல, நீர்தான் என்று தெரிந்து கொள்ளும்.

உண்மையான சொந்தத் தொழில்

நாம் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. வாசலில் இட்லி சுட்டு விற்கும் அம்மாள், தையல் மிஷின் வைத்துத் தெருவுக்கே ரவிக்கை தைக்கும் சகோதரி, பூ வாங்கிக் கட்டி விற்கிறவர்கள் இவர்களெல்லாம் சரக்கைத் தாமே வாங்குகிறார்கள், தாமே விலை சொல்கிறார்கள், தாமே விற்கிறார்கள். இது சொந்தத் தொழில்தான். இவர்களைச் சுரண்டுவது கூலி கொடுக்கும் முதலாளி அல்ல; வாராவாரம் வாசலில் வந்து உட்காரும் கடன்காரன், சரக்கு விலையை ஏற்றும் மொத்த வியாபாரி. இவர்களுக்கு வேண்டியது மேடை உபதேசம் அல்ல. குறைந்த வட்டிக் கடன், உட்கார்ந்து விற்க இடம், நியாய விலையில் அரிசியும் காஸும், வியாதி வந்தால் வைத்தியம், வயதானால் பென்ஷன்.

இவர்களுக்கும் சங்கம் உண்டா என்று சிலர் கேட்கலாம். 1972-ல் ஆமதாபாத்தில் இலா பட் முதலியோர் சுயதொழில் செய்யும் பெண்களுக்குச் "சேவா" சங்கம் அமைத்துப் பதிவு செய்யப் போனபோது, "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று தொழிலாளர் இலாகா மறுத்தது. சங்கம் என்பது எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, உழைப்பவர் ஒன்று சேர்வதற்கும்தான் என்று வாதாடி அந்த வருஷமே பதிவு பெற்றார்கள். வழி இருக்கிறது.

இரண்டு ஆட்சேபங்கள்

"பெண்களுக்கு வீட்டு வேலையோடு வேலையாகக் கைச்செலவுக்குக் கிடைக்கிறது, அதைக் கெடுக்கலாமா?" என்பார்கள். இதை முதலாளி மட்டும் சொல்லவில்லை. நம் தோழர்களில் சிலரே சொல்கிறார்கள். கைச்செலவா? ஆலையில் ஆள் குறைத்த மாதம் அடுப்பு எரிந்தது எதனால்? வேலையில்லாத கோடையில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவள் கூலியைக் "கைச்செலவு" என்று நாம் சொல்லும்வரை முதலாளியும் கைச்செலவுக்கான காசைத்தான் கொடுப்பான்.

"கூலி கேட்டால் இலையை நிறுத்தி வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவார்களே?" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது உண்மையான பயம். அலட்சியமாகத் தள்ள முடியாது. 1968-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரிசபை அந்தப் பீடிச் சட்டத்தை அமல் செய்யத் தொடங்கியதும் மங்களூர் முதலாளிகள் இதைத்தான் செய்தார்கள். கண்ணூர் வட்டாரத்தில் கொட்டகைகளை மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் தெருவில் நின்றார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? சர்க்கார் உதவியோடு 1969-ல் "தினேஷ் பீடி" கூட்டுறவு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, தாங்களே தொழிலை நடத்திக் காட்டினார்கள். சட்டப்படி கூலி, லீவு, போனஸ் எல்லாம் கிடைத்தன. கொட்டகையில் எல்லோரும் பீடி சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த பலம் அது. தனித்தனி வீட்டில் முடங்கியவர்களுக்கு அது கிடைப்பதில்லை. முதலாளிக்கும் அது தெரியும்!

கண்ணூரிலும் எல்லாம் பால் ஆறாக ஓடவில்லை. பீடி குடிப்போர் குறையக் குறைய அங்கேயும் தொழில் சுருங்கியது. உணவுப் பொருள், குடை, துணி என்று அந்தக் கூட்டுறவு வேறு தொழில்களில் இறங்கியது. இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பீடி குடிக்கிறவனுக்கும் கெடுதல், சுற்றுகிறவளுக்கும் கெடுதல். அந்தத் தொழில் தேய்வது பற்றி நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் முப்பது வருஷம் விரல் தேயச் சுற்றியவளுக்கு மாற்று வேலையும் நஷ்டஈடும் யார் கொடுப்பது? "தொழிலாளி" என்றால் கொடுக்கும் கடமை கம்பெனிக்கும் சர்க்காருக்கும் உண்டு. "சுயதொழில்" என்றால் எவருக்கும் இல்லை; அவள் "கடையை மூடிவிட்டாள்", அவ்வளவுதான்!

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, வேலை நம் வீட்டிலேயே தொடங்குகிறது.

வீட்டில் சுற்றும் ஒவ்வொருவருக்கும் தம் சொந்தப் பெயரில் பாஸ் புத்தகமும் அடையாள அட்டையும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அதுவே முதல் கோரிக்கை. வாங்கிய இலை எத்தனை எடை, கொடுத்த பீடி எத்தனை, கழித்தது எத்தனை, கிடைத்த கூலி எவ்வளவு என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அதிகாரியிடமும் கோர்ட்டிலும் பேசப் போவது அந்த நோட்டுத்தான்.

கணக்கெடுக்க வருகிறவர் "என்ன தொழில்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று ஆண்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். "பீடித் தொழிலாளி", "பனியன் தொழிலாளி" என்று அவளே சொல்லட்டும். ஒரு கடைக்குப் போகிற எல்லோரும் ஒரு தெருவில் கூடி, கெட்ட இலையை ஒருவரும் வாங்குவதில்லை என்று தீர்மானியுங்கள். ஒருத்தி மறுத்தால் இலை நிற்கும். எல்லோரும் மறுத்தால் நல்ல இலை வரும். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தப் பெண்களின் சங்கத்தைத் தங்கள் சொந்தச் சங்கமாகக் கருதி, கூட்டத்துக்கு இடமும் வழக்குக்கு ஆளும் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் மலிவாக வாங்கப்படும் உழைப்புத்தான் நாளை ஆலையில் உங்கள் கூலியையும் இழுத்துக் கீழே தள்ளும் என்பதை மறவாதீர்கள்.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாளியின் சரக்கில் வீட்டில் உழைப்பவர் அனைவரும் தொழிலாளிகளே என்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சட்டத்தில் எழுது. எண்ணிக்கைக் கூலியை ஒரு நாள் உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கும்படி நிர்ணயி. நல நிதிக்கு மறுபடி நிலையான வருமானம் ஏற்படுத்து. தேயும் தொழிலிலிருந்து வெளியேறுவோருக்கு மாற்று வேலை கொடு. 1996 உடன்படிக்கையை அங்கீகரி.

"உனக்கு நீயே முதலாளி" என்று இனி ஒருவன் சொன்னால், அவனைப் பார்த்து நாலு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் அவன் விழிக்கும்போது உங்கள் பக்கத்து வீட்டுக்காரியும் அருகில் நின்று கேட்கட்டும். சங்கம் அங்கேதான் பிறக்கிறது.